சம்பந்தி வீட்டு அழுகை

கண்ணைத் திருப்பக் கூடாது. திரும்பணும்னா உடம்போட சேர்த்து மொத்தமாத் திரும்பணும், கழுத்துப் பட்டை போட்டவன் மாதிரி. கண்ணை மட்டும் ஓரத்துக்கு ஓட்டினா வந்துடும் அந்த வெட்டு. தலைக்குள்ள சுரீர்னு ஒண்ணு, ட்யூப் லைட் பிடிக்கிறதுக்கு முன்னாடி விட்டு விட்டு மின்னுமே அந்த மாதிரி, அப்புறம் ஒரு நொடி நான் எங்க இருக்கேன்னே தெரியாமப் போயிடும். வலிக்குதான்னு என் பொண்டாட்டி பூரணி கேட்டா. வலிச்சாக்கூடத் தேவலை, வலிக்குதுன்னு சொல்லிக்கலாம், பக்கத்துல இருக்கிறவங்க உச்சுக் கொட்டுவாங்க. இதுக்குப் பேரே இல்லையே, என்னன்னு சொல்றது. பக்கத்து நாற்காலியில ஒருத்தர் வந்து உட்கார்ந்து "எப்ப எடுக்கிறாங்களாம்?"னு கேட்கிறார். வர்றவங்க எல்லாம் என்னையத்தான் கேட்கிறாங்க. என் மூஞ்சியில நேரம் எழுதியா ஒட்டியிருக்கு? "தெரியலங்க, சாயங்காலத்துக்குள்ள எடுத்துடுவாங்க"ன்னேன், நேரா முன்னாடி பார்த்துக்கிட்டே. திமிர் பிடிச்சவன்னு நெனச்சிருப்பார். நெனைக்கட்டும். நீல ஷாமியானா, அதுக்குக் கீழ எல்லார் மூஞ்சியும் நீலம், எல்லார் காப்பியும் நீலம். உள்ள ஐஸ் பெட்டியில பாக்கியத்தம்மாள் படுத்திருக்கு. என் அக்கா மங்கையோட மாமியார். நான் சம்பந்தி வீடு. மாலை கொண்டு வந்து போடணும், எடுக்கிற வரைக்கும் உட்கார்ந்திருக்கணும், சுடுகாடு வரைக்கும் போகணும், முறை. பெட்டியைக் கூடத்துக்கு நகர்த்துறாங்க, கொஞ்சம் இருங்கன்னு சொன்னதால மாலையை மடியில வச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கேன், ரோஜாவும் வாழைநாரும் சொட்டி வேட்டி நனைஞ்சு தொடையில குளிருது. மேல வேர்க்குது, கீழ குளிருது. நல்ல உடம்பு.

போன வருஷம் இதே மாதிரி ஒரு ஷாமியானா எங்க வீட்டு வாசல்ல, உள்ள எங்க அம்மா. நான் எல்லாத்தையும் சரியாச் செஞ்சேன். ஐஸ் பெட்டிக்குச் சொன்னேன், ஊருக்கெல்லாம் போன் போட்டேன், நாற்காலி பத்தலைன்னு பந்தல்காரன்கிட்ட சண்டைகூடப் போட்டேன். அழுகை மட்டும் வரல. அடக்கிக்கிட்டேன்னு இல்ல, அடக்குறதுக்கு ஏதாவது இருந்தாத்தானே. பைப்பைத் திறந்தா புஸ்ஸுன்னு காத்து மட்டும் வருமே, அப்படி. அம்மா போயிட்டாங்கன்னு தெரியுது, தெரியுதே ஒழிய வேற ஒண்ணும் ஆகல. வாய்க்கரிசி போடும்போது ஒரு அரிசி உதட்டோரத்துல ஒட்டிக்கிச்சு, அதைத் தட்டிவிடலாமா கூடாதான்னு யோசிச்சேன், அவ்வளவுதான் நான் அம்மாவைப் பத்தி அன்னைக்கு நெனச்சது. காடு போயிட்டு வந்து குளிச்சு சாப்பிட உட்கார்ந்தேன். பசிச்சது. பசிச்சா என்ன பண்றது. இன்னொரு தடவை சாம்பார் கேட்டேன். அக்கா கரண்டியைக் கீழ வச்சா. "கல்லுளிமங்கன்டா நீ. பெத்தவ போன சூடு இன்னும் ஆறல, உனக்குச் சாம்பார் இறங்குது"ன்னா. அதுதான் அவ என்கிட்டக் கடைசியாப் பேசினது. அதுக்கப்புறம் காரியத்தன்னைக்குக்கூட பூரணிகிட்டத்தான், "உம் புருஷனைக் கூப்பிடு, ஐயர் தேடுறாரு". உம் புருஷன். என்னைத் தூக்கி வளர்த்தவ, அப்பா இல்லாத வீட்ல என் டிராயருக்குப் பட்டன் தச்சுக் கொடுத்தவ. மாத்திரை சாப்பிடறேன், அதுதான் அழவிடலன்னு அப்பவே சொல்லியிருக்கலாம். சொன்னா எதுக்குன்னு கேட்பா. மனசுக்குன்னா, மனசுக்கா, உனக்கென்னடா குறைன்னு கேட்பா. அதுக்குப் பதில் தெரிஞ்சிருந்தா நான் எதுக்கு மாத்திரை சாப்பிடப் போறேன்? குறை ஒண்ணும் இல்லாமத்தான் ஒருநாள் சுவரைப் பார்த்துப் படுத்தவன் எந்திரிக்கல. சண்டை இல்ல, சாவு இல்ல, சும்மா. பல் விளக்கணும்னு நெனைச்சாலே மூட்டை தூக்கச் சொன்ன மாதிரி இருக்கும். பூரணிதான் ஆட்டோவில ஏத்திக்கிட்டுப் போனா. மாத்திரை என்னைத் தூக்கி உட்கார வச்சது, சோறு திங்க வச்சது, கடைக்கு அனுப்புச்சு. நன்றி கெட்டவன் இல்ல நான். ஆனா பல் பிடுங்கிட்டு வந்து கன்னத்தைத் தொட்டா அடுத்தவன் கன்னத்தைத் தொடற மாதிரி இருக்குமே, மனசு முழுக்க அப்படி ஆயிடுச்சு. பூரணி சிரிச்சா நானும் சிரிப்பேன், சிரிக்கணும்னு தெரியும்கிறதால.

அடுத்த மாசம் அம்மாவுக்கு வருஷத் திவசம். அக்கா வராம இருக்க மாட்டா. அன்னைக்கு நான் அழணும். அவ கண்ணு முன்னாடி, எள்ளும் தண்ணியும் விடும்போது, அடக்க முடியாம அழணும். அதைப் பார்த்துட்டா அவளால சும்மா இருக்க முடியாது, எனக்கு அவளைத் தெரியும், "டேய்"னு ஒரு வார்த்தை வந்துடும். அந்த ஒரு "டேய்"க்குத்தான் இவ்வளவும். அழறதுக்காக மாத்திரையை நிறுத்தின ஆளை உலகத்துல எங்கயாவது பார்த்திருக்கீங்களா, இந்தா இருக்கேன், வில்லாபுரத்துல, மடியில மாலையோட. டாக்டர்கிட்ட அப்படியா சொல்ல முடியும்? நல்லாத்தான் இருக்கேன், குறைச்சுக்கலாமான்னு கேட்டேன். குறைக்கலாம், ஆனா மாசக்கணக்காகும், படி இறங்குற மாதிரி ஒவ்வொண்ணா இறங்கணும், குதிச்சிடாதீங்கன்னார். திவசம் காத்திருக்குமா? குதிச்சேன். பாதியாக்கி, அதுல பாதியாக்கி, போன வாரத்தோட ஒண்ணுமில்லாம ஆக்கிட்டேன். அப்பத்தான் இந்த வெட்டு. கூடவே வாந்தி வர்ற மாதிரி, வராது. தூங்கினா கனவு, கனவுன்னா சாதா கனவு இல்ல, முழிச்சப்புறமும் அதுக்குள்ள யார்கிட்டயோ பதில் சொல்லிக்கிட்டிருப்பேன். கோவம் வேற. கண்ணாடிக் கடையில எனக்கு வேலையே லென்ஸை மாத்தி மாத்திப் போட்டு, இது தெளிவா, இது தெளிவான்னு கேட்கிறதுதான். ஒரு பெரியவர் "ரெண்டும் ஒண்ணு மாதிரித்தான் இருக்கு தம்பி"ன்னார். எத்தனையோ பேர் சொல்லிக் கேட்டதுதான். அன்னைக்கு என்ன வந்துச்சோ, "அப்ப எதுக்குய்யா வந்தே?"ன்னு கத்திட்டேன். பாவம், பயந்து போய் எந்திரிச்சார். மாத்திரை போட்ட நான், போடாத நான், இதுல எது தெளிவுன்னு என்னைக் கேட்டா நானும் அவர் சொன்னதைத்தானே சொல்வேன். ஆனா ஒண்ணு. முந்தாநாள் டிவியில குக்கர் விளம்பரம், அதுல ஒரு பொண்ணு ஹாஸ்டல்ல இருந்து வீட்டுக்கு வருது, எனக்குக் கண்ணு பொங்கிடுச்சு. "வந்துடுச்சு பூரணி, வந்துடுச்சு!"ன்னு கத்தினேன், லாட்டரி விழுந்தவன் மாதிரி. பூரணி அடுப்படியில இருந்து ஓடி வந்து என்னைப் பார்த்துட்டு, சந்தோஷப்படல. சேலையை வாயில அமுக்கிக்கிட்டு நின்னா.

இப்பவும் அதே மூஞ்சியோடதான் வர்றா, பொம்பளைங்க பக்கத்துல இருந்து எந்திரிச்சு. குனிஞ்சு மாலையைச் சரி பண்ற மாதிரி காதுல சொல்றா. "வேர்த்து ஊத்துதுங்க உங்களுக்கு. கை நடுங்குது பாருங்க. மாத்திரை பையில இருக்கு, ஒண்ணு போட்டுக்கங்க." வேணாம்னேன். "டாக்டரே திரும்பப் போட்டு மெதுவா விடச் சொன்னார்ல போன்ல? நான்தானே பேசினேன்." இன்னைக்குப் போட்டா அடுத்த மாசம் கண்ணு காஞ்சு கிடக்கும் பூரணி. "காஞ்சா காஞ்சுட்டுப் போகுது. எனக்கு ஆள் வேணும்." சத்தம் போடாம சொன்னா, ஆனா அவ தொண்டை கிழிஞ்ச மாதிரி இருந்தது. எனக்கு ஆள் வேணும். நான் சுவரைப் பார்த்துப் படுத்திருந்த காலத்துல அவ ஒரு நாளும் இப்படிச் சொன்னதில்ல, தட்டைக் கொண்டு வந்து வச்சுட்டு, ஆறினதும் எடுத்துட்டுப் போவா, அவ்வளவுதான். அவளுக்கு என்ன பயம்னு எனக்குத் தெரியாதா? எனக்கும் அதே பயம்தான். கார்த்தால எந்திரிக்கும்போது முதல்ல பார்க்கிறதே அதைத்தான், எந்திரிக்க முடியுதா, முடியுது, இன்னைக்கு முடியுது. அந்தச் சுவர் எங்கயும் போகல, சுண்ணாம்புப் பொருக்கு உதிர்ந்து ஒரு ஆட்டுத் தலை மாதிரி இருக்கும், அது அப்படியே அங்கதான் இருக்கு, வா வந்து படுன்னு. அக்கா பேசிட்டா போதும், அடுத்த நாளே போட்டுக்கறேன், சத்தியமான்னேன். "அக்கா, அக்கா... அக்காதான் வந்து பார்த்துச்சா உங்களை அப்ப?" கேட்டுட்டு, கேட்டிருக்கக் கூடாதுன்னு தெரிஞ்சு உதட்டைக் கடிச்சுக்கிட்டா. வரல. வரலைதான். உடம்பு சரியில்லைன்னு மட்டும்தானே சொல்லி வச்சிருந்தோம், எப்படி வருவா? அதுக்குள்ள உள்ள இருந்து, "சம்பந்தி வீட்டாளுங்க மாலை போடறதுன்னா போடலாம்"னு குரல் வந்தது. எந்திரிச்சேன். தரை ஒரு பக்கமாச் சரிஞ்சு திரும்ப நேரா வந்தது. பூரணி முழங்கையைப் பிடிச்சா.

வாசல்ல ஆம்பளைங்க வரிசை, கை கொடுத்துட்டுப் போகணும். ஒவ்வொரு கையும் ஒவ்வொரு சூடு. உள்ள ஊதுபத்திப் புகை, மல்லிப்பூ, பெட்டி மோட்டாரோட உர்ர்ர். பொம்பளைங்க சுத்தி உட்கார்ந்திருக்காங்க, தலைமாட்டுல அக்கா. தலை விரிச்சு, கண்ணு காஞ்சு. ஊரறிஞ்ச கதைதானே, அவளுக்கு எங்க இருந்து வரும் அழுகை? என்னைப் பார்த்தா, பார்த்துட்டு பெட்டியைப் பார்த்துக்கிட்டா. இந்தக் கிழவி இருக்கே, அக்கா வந்த புதுசுல அவ சமைச்சதை ஒரு வாய் வச்சுட்டு, தட்டோட தூக்கிட்டுப் போய் வாசல்ல நாய்க்குப் போட்டது. எங்க அம்மா மகளைப் பார்க்க வந்தா உட்காருன்னு ஒரு வார்த்தை சொல்லாம நிக்க வச்சே பேசி அனுப்பினது. எதுக்கும் அசையாத ஜென்மம். மாலையைப் பெட்டி மேல வைக்கக் குனிஞ்சேன், கண்ணாடி வழியா அந்த மூஞ்சி. நெத்தியில காசு, தாடையில கட்டு. மூக்குத்தண்டுல ரெண்டு பக்கமும் ரெண்டு சின்னக் குழி. மூக்குக் கண்ணாடி போட்டுப் போட்டு அழுந்தின குழி. கண்ணாடியைக் கழட்டிட்டாங்க, குழி போகல. தினம் பார்க்கிற குழி, என் கடைக்கு வர்ற அத்தனை பேர் மூக்குலயும் இருக்கிறது. அதுல என்ன இருக்கு? என்ன இருக்குன்னு நான் யோசிக்கும்போதே நெஞ்சுக்குள்ள ஏதோ பெயர்ந்து வந்துடுச்சு, "அய்யோ"ன்னு ஒரு சத்தம் கேட்டது, யார்றா இப்படிக் கத்துறதுன்னு பார்த்தா நான். அழறேன். சும்மா அழுகை இல்ல, தோள் குலுங்க, மூக்கு ஒழுக, பெட்டி மேல விழுந்து அழறேன். அய்யோ இங்க இல்ல, இப்ப இல்ல, இவளுக்கு இல்ல. அடுத்த மாசம். அம்மாவுக்கு. சரி, வந்தது வந்துடுச்சு, இதையாவது அம்மா பக்கம் திருப்பிடுவோம், நடுவுல வேற யாருக்குத் தெரியப் போகுதுன்னு அம்மா மூஞ்சியை வரவழைக்கிறேன். அம்மா, என் அம்மா, உதட்டோரத்துல அரிசி ஒட்டின அம்மா. நின்னு போச்சு. அழுகை பட்டுனு நின்னு போச்சு, சுவிட்சை அணைச்ச மாதிரி. பதறிப் போய் கண்ணைத் திறந்தா கீழ அந்த ரெண்டு குழி, திரும்ப கொடகொடன்னு ஊத்துது. அம்மான்னு நெனைச்சா காயுது. இந்தக் குழியைப் பார்த்தா ஊத்துது. திரும்பவும் பார்த்தேன், அதே. அப்ப இது என்ன அழுகை? யாரோட அழுகை? மாத்திரை போட்டப்ப அழாதது மாத்திரை, நான் இல்லன்னு நெனச்சேனே, இப்ப அழறது மட்டும் நானா? இதுவும் மாத்திரைதான், இல்லாத மாத்திரை. ரெண்டுக்கும் நடுவுல நான்னு ஒருத்தன் இருப்பான், அவனை வெளிய கொண்டு வரலாம்னுதானே இத்தனை பாடும். யாரும் இல்ல உள்ள. பைப்பு, காத்து, தண்ணி, அவ்வளவுதான்.

யாரோ ரெண்டு பேர் அக்குள்ல கை கொடுத்துத் தூக்கி வெளிய கொண்டு வந்து உட்கார வச்சாங்க. நேரம் கேட்ட அதே ஆள், இப்ப எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "பாருங்கய்யா, சம்பந்தி வீட்டுப் புள்ளை. பெத்த பயலுக ஆளுக்கொரு செல்லைத் தடவிக்கிட்டு நிக்கிறாங்க!"ன்னார். பின்னாடி ஒருத்தன், "காலையிலேயே ஊத்திட்டு வந்துட்டாரு போல, கண்ணைப் பாரு"ன்னான். பூரணி தண்ணி கொண்டு வந்தா, தண்ணியோட உள்ளங்கையில மாத்திரை. தண்ணியை மட்டும் குடிச்சேன். மாத்திரை போடாம இனிமே எதைக் காப்பாத்தணும்னு தெரியல, இருந்தாலும் கை அதைத் தள்ளிடுச்சு. மச்சான், அக்கா புருஷன், வந்து என் தோளைப் பிடிச்சுக்கிட்டார். இத்தனை நேரம் வாசல்ல நின்னு ஒழுங்காக் கை கொடுத்துக்கிட்டிருந்த மனுஷன். "மாப்ள, எங்கம்மா மேல இவ்வளவு பாசமாடா உனக்கு? தெரியாமப் போச்சேடா"ன்னு சொல்லிச் சொல்லி உடைஞ்சு அழ ஆரம்பிச்சுட்டார். அவர் அழுகை என் கழுத்துல சூடா இறங்குது. நான் அவர் முதுகைத் தட்டிக் கொடுத்தேன். எனக்கும் இன்னும் வழிஞ்சுக்கிட்டுத்தான் இருந்தது, காரணமே இல்லாம, பிடிச்சு வைக்க ஒரு பாத்திரம்கூட இல்லாம. அடுத்த மாசத்துக்கு மிச்சம் இருக்குமாங்கிற கவலைகூடப் போயிடுச்சு. அடுத்த மாசமும் இப்படித்தான், எள்ளைப் பார்த்து அழுவேன், ஐயர் செருப்பைப் பார்த்து அழுவேன், அம்மான்னு சொன்னதும் காஞ்சுடும். அக்கா இப்ப உள்ள என்ன நெனச்சிருப்பா? பெத்தவளுக்கு ஒரு சொட்டு இல்ல, என்னை நாயாப் பார்த்தவளுக்கு இவன் புரண்டு அழறான்னு நெனச்சிருப்பா. இனி இந்த ஜென்மத்துல பேச மாட்டா. கொட்டுச் சத்தம் திடீர்னு ஏறிச்சு. ஒவ்வொரு அடிக்கும் தலைக்குள்ள ஒரு மின்னல். பேரப்பிள்ளைங்க நெய்ப்பந்தம் பிடிச்சுச் சுத்தி வந்தாங்க, ரதத்துல ஏத்தினாங்க, ஒரு வெடி வெடிச்சது, நான் குதிச்சு விழுந்ததைப் பார்த்து ரெண்டு பேர் சிரிச்சாங்க.

ரதம் நகர்ந்தது. பொம்பளைங்க தெரு முனையோட நின்னுடணும். நான் ஆம்பளைங்களோட பின்னாடி, உடம்போட சேர்த்துத் திரும்பித் திரும்பி, யார் மேலயும் இடிச்சுடாம நடந்துக்கிட்டிருந்தேன். முனைக்கு வந்தப்ப சட்டைக் கையை யாரோ இழுத்தாங்க. கண்ணைத் திருப்பிட்டேன். சுரீர். வெட்டு அடங்கினப்ப எதிர்ல அக்கா நிக்கிறா. "டேய்"னா. எனக்கு நம்ப முடியல. "டேய் தம்பி." ஒரு வருஷத்துக்கப்புறம் அந்தக் குரல். தலை விரிஞ்சிருக்கு, உதடு துடிக்குது. "எதுக்குடா அப்படி அழுத?" மாத்திரைன்னு சொல்லிடலாமா. சொல்லிடணும். அவ விடல, கிட்ட வந்து, சின்னப் பிள்ளை ரகசியம் கேட்கிற மாதிரி, "எனக்காகவாடா? நான் இந்த வீட்ல பட்டதை நெனச்சு அழுதியா? என் தட்டைத் தூக்கி நாய்க்குப் போட்டாளே, அதெல்லாம் உனக்கு ஞாபகம் இருக்காடா?"ன்னு கேட்டா. அவ கண்ணுல அப்படி ஒரு ஆசை. அவளுக்காக ஒருத்தனாவது அழுதிருக்கான்கிற ஆசை. அவளுக்காகன்னு எனக்குத் தோணவே இல்லையே. அத்தனை அழுதும் அக்காவுக்காக அழலாம்னு ஒரு தடவைகூடத் தோணலையே. "ஆமாக்கா"ன்னேன். அவ்வளவுதான், என் மேல சாய்ஞ்சுட்டா. இத்தனை வருஷத்தையும் ஒரே மூச்சுல கொட்டுற மாதிரி, என் சட்டையைக் கொத்தாப் பிடிச்சுக்கிட்டு, "பாவி பண்ணின பாடு, பாதியை யார்கிட்டயும் சொல்லலடா, அம்மாகிட்டக்கூடச் சொல்லல"ன்னு அழறா. நான் அவளைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறேன். இப்ப வா. இப்பத்தான் வரணும். இதுக்குத்தானே, வந்து தொலை. என் அக்கா அழறா, என் நெஞ்சு மேல அழறா, நான் பாவம்னு நெனைக்கிறேன், நெனைக்கத்தான் முடியுது. கண்ணைக் கசக்கினேன். இமையை இறுக்கிப் பார்த்தேன். பொட்டுகூட வரல. அவ அழுகை மெல்ல மெல்ல அடங்கிச்சு. என்கிட்ட இருந்து சத்தம் ஏதும் வரலைங்கிறது அவளுக்கு எப்பத் தெரிஞ்சதோ. தலையைத் தூக்கி என் கண்ணைப் பார்த்தா. இந்தக் கண்ணுல இருந்து அந்தக் கண்ணுக்கு, அதுல இருந்து இதுக்கு. திட்டல. கல்லுளிமங்கன்னு சொல்லல, சொல்லியிருந்தாக்கூடத் தாங்கிக்கிட்டு நின்னுருப்பேன். முந்தானையை எடுத்து, என் சட்டையில அவ கண்ணீர் பட்டிருந்த இடத்தை நல்லா அழுத்தித் துடைச்சுவிட்டா. அப்புறம் திரும்பி, பொம்பளைங்களோட வீட்டைப் பார்க்க நடந்தா.